ஒரு கண்ணுக்கு மட்டும்

1

இந்தக் கதை எனக்கு ஒரு மருந்துக் கடையில் கிடைத்தது. அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, தலைவலி மாத்திரைக்காக நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண் ஒரு சின்னச் சொட்டு மருந்துப் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்ணா, இத்த ஒரு கண்ணுக்கு மட்டும் ஊத்திக்கினா மாசம் பூரா வருமா?"

கடைக்காரர் யோசித்தார். "வரும். அப்போ இன்னொரு கண்ணு?"

"அது பாத்துக்கும்."

கடைக்காரர் சிரித்தார். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். தான் வேடிக்கையாக ஏதோ சொல்லிவிட்டது அவளுக்குத் தெரியவில்லை. பாட்டிலை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள். அவள் போனதும் கடைக்காரர் பக்கத்து ஆளிடம், "கேன்சருக்கு மாத்திரை சாப்புடுது. அதுல கண்ணு காஞ்சு பூடும்" என்றார்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். 1993, மழை முடிந்த மாதம். அவள் பெயர்கூடத் தெரியாது. மிச்சமெல்லாம் நான் செய்தது. எங்கே செய்தேன் என்று காட்டிக்கொண்டே போகிறேன்.

2

முதல் தொடக்கம்: "வற்றிய ஏரியைப் போலிருந்தன சொர்ணத்தின் கண்கள்—"

அடித்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் ஏரி வற்றினால் அடுத்த நாளே கிரிக்கெட் ஆடுவார்கள். சோகம் நிற்காது.

இரண்டாவது தொடக்கம்: "மாமியார் செத்த வீட்டில் எல்லோரும் அழுதார்கள். சொர்ணத்தின் கண்ணிலிருந்து மட்டும் ஒரு சொட்டு வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று சொந்தங்கள்—"

இதைத்தான் நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் பொய். கண்ணை எப்போதும் ஈரமாக வைத்திருக்கும் நீர் வேறு, துக்கத்தில் கொட்டும் நீர் வேறு. கண் காய்ந்தவர்களும் நன்றாக அழுவார்கள். காய்ந்த கண் எரிச்சலில் சும்மாவே கொட்டுவதும் உண்டு. விலங்கியல் படித்ததால் எனக்கு ஒரு நல்ல காட்சி போயிற்று.

மூன்றாவதாக ஒன்றும் தோன்றவில்லை. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

3

சொர்ணத்துக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில், ஃபியூஸ் செய்யும் கம்பெனியில் செக்கிங் வேலை. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத கண்ணாடிக் குழாய். இரண்டு முனையிலும் உலோகத் தொப்பி. உள்ளே தலைமுடியைவிட மெல்லிய கம்பி. ஒவ்வொன்றாக ட்யூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். கம்பி முழுசாக இருந்தால் வலது தட்டு. அறுந்திருந்தால் இடது தட்டு. பெட்டி நிறைந்ததும் அதற்குள், பார்த்தவளின் நம்பர் எழுதிய சீட்டு ஒன்று போகும்.

இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்கு ஒரு மார்பை எடுத்துவிட்டார்கள். கம்பெனியில் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லி லீவு வாங்கினாள். அந்த ஆபரேஷனைப் பற்றி யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. வியாதி திரும்பாமல் இருக்க தினமும் ஒரு மாத்திரை. கம்பெனி கார்டைக் காட்டினால் டிஸ்பென்சரியில் அதைச் சும்மா கொடுத்தார்கள்.

மாத்திரை வேலை செய்தது. கூடவே கண்ணையும் காய வைத்தது.

"மண்ண அள்ளிப் போட்டாப்ல கீது டாக்டர்" என்றாள்.

"மாத்திரையாலதான். அதை நிறுத்திடாதீங்க. கண்ணுக்குச் சொட்டு மருந்து எழுதறேன், விடாம போடணும்."

டிஸ்பென்சரியில் சீட்டைப் பார்த்த கம்பவுண்டர், "இது இங்க வராதும்மா. வெளில வாங்கிக்க" என்றார்.

"கண்ணைக் காய வெக்கிற மாத்திரை வருது. காஞ்ச கண்ணுக்கு மருந்து வராதா?"

"அத மேலதான் கேக்கணும்."

சொர்ணம் மேலே பார்த்தாள். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. காற்றுப் பட்டதும் கண் இன்னும் எரிந்தது.

[பாட்டிலின் விலையை இங்கே எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். இன்றைய விலையோடு ஒப்பிட்டு 'இவ்வளவுதானா' என்பீர்கள். இரண்டு கண்ணுக்கும் போட்டால் மாதத்துக்கு இரண்டு பாட்டில் வேண்டும். இரண்டாவதை வாங்கினால் அவள் மகளின் ஸ்கூல்— இல்லை, மகள் வேண்டாம். மகளைக் கூப்பிட்டால் நீங்கள் உடனே இரக்கப்பட்டு, கவனிப்பதை விட்டுவிடுவீர்கள். இரண்டாவதை வாங்கினால் வாடகை இடிக்கும். அது போதும்.]

4

கள்ளிக்குப்பத்தில் ஓர் அறையும் சமையல் மூலையுமான வீடு. காலையில் மருந்து விடுவது புருஷன் பால்ராஜ். திருமழிசையில் ஒரு பட்டறையில் வெல்டிங் செய்கிறவன். வேலை இருக்கும் நாளில் கூப்பிட்டு அனுப்புவார்கள். நெருப்புப் பொறி பட்டுத் தழும்பேறிய கட்டைவிரலால் அவள் இமையைத் தூக்கிப் பிடிப்பான். பாயில் மல்லாந்து படுத்திருப்பாள்.

"எந்தக் கண்ணு?"

"வலது."

"எடது இன்னா பாவம் பண்ணுச்சு?"

"வலதுலதான் கம்பி பாக்கறேன். அது சோறு போடற கண்ணு."

"அப்போ எடது?"

"அது பாத்துக்கும்."

[கடையில் கேட்ட வார்த்தை. இதற்கு ஓர் இடம் கிடைக்கும்வரை எனக்கு நிம்மதி இல்லை.]

5

இடது கண் பார்த்துக்கொள்ளவில்லை. மூடிக்கொண்டது.*

சொர்ணம் ஃபியூஸை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, வலது கண்ணால் கம்பியைப் பார்ப்பாள். மருந்து படாத இடது கண் எரிந்து தானாக மூடும். வெளிச்சத்துக்கு அந்தப் பக்கம், எல்லோரையும் பார்த்தபடி, சூப்பர்வைசர் கோவிந்தராஜின் மேஜை இருந்தது.

"இன்னா யக்கா" என்றாள் பக்கத்தில் உட்காரும் பேபி, தலையைத் தூக்காமல். "சூப்பர்வைசரப் பாத்துக் கண்ணடிக்கிறியாமே? லைன் பூரா அதான் பேச்சு."

"சீ, போடி."

"வேற ஆளே கெடைக்கலியா ஒனக்கு? பேக்கிங்ல எவ்ளோ பசங்க கீறானுங்க!"

சொர்ணத்துக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அன்று மத்தியானம் கோவிந்தராஜ் தன் மேஜையை இன்னும் கொஞ்சம் வெளிச்சத்துக்கு நகர்த்திப் போட்டுக்கொண்டதைப் பார்த்தபின் வரவில்லை.

* காய்ந்த விழியில் காற்றுப் பட்டால் நரம்பு இமையை இழுத்து மூடிவிடும். விழிக்கு அதுதான் காவல். அந்த நரம்புக்கு சூப்பர்வைசர் யார் என்று தெரியாது.

6

கோவிந்தராஜை முதலில் வில்லனாகத்தான் எழுதினேன். முறுக்கு மீசை வைத்தேன், படிக்கட்டில் வழிமறிக்க விட்டேன். ஒட்டவில்லை. மீசையை எடுத்தேன். மீசைக்குப் பின்னால் ஒரு சாதாரண ஆள் இருந்தார். நாற்பத்தைந்து வயதுவரை ஒருத்தியும் திரும்பிப் பார்க்காதவர். சொர்ணத்தின் கண் மூட ஆரம்பித்த வாரத்திலிருந்து வெற்றிலையை விட்டார். கஞ்சி போட்ட சட்டையில் வந்தார். கழுத்தில் பவுடர் தெரிந்தது.

அவரை வெறுக்க முடியாமல் போனது எனக்குப் பெரிய தொந்தரவு. பின்னால் பார்ப்பீர்கள்.

ஒரு நாள் வெளியூர்க் கடையிலிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்தது. நல்லதென்று போன ஃபியூஸில் பாதிக்குக் கம்பியே இல்லை. உள்ளேயிருந்த சீட்டு சொர்ணத்தினுடையது. இடது எரிந்து மூடும்போதெல்லாம் வலதும் கூடவே கலங்கியிருக்கிறது. மேனேஜர் வருவதற்குள் கோவிந்தராஜ் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"யார் நம்பர்?" என்று மேனேஜர் கேட்டார்.

"சீட்டே இல்ல சார். வழில வுழுந்துட்டிருக்கும்."

சொர்ணம் அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்தார். அந்த வாரத்திலிருந்து ஓவர்டைம் பட்டியலில் அவள் பெயர் முதலில் வந்தது.

ஓவர்டைம் காசில் இரண்டாவது பாட்டில் வாங்கினாள். இரண்டு கண்ணும் குளிர்ந்தன. கம்பி தெளிவாகத் தெரிந்தது. நாள் முழுக்க ஒரு கெட்ட ஃபியூஸ்கூட அவளைத் தாண்டிப் போகவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து காற்றையும் வாங்கினாள்.

கண் மூடுவது நின்றது.

[திட்டம் போட்டுச் செய்ததல்ல. எழுதிக்கொண்டே வந்தேன், இந்த இடத்தில் கதை வந்த வழியே திரும்பிவிட்டது. சுற்றிக்கொண்டு போகலாம் என்று இரண்டு நாள் பார்த்தேன். வழி இல்லை.]

7

கோவிந்தராஜ் பத்து நாள் பொறுத்தார். பிறகு அவள் உட்காரும் இடத்துக்கு அருகே வந்து நின்றார்.

"இன்னா சொர்ணம், எதாச்சும் கோவமா?"

"இல்ல சார்."

"மின்ன மாரி இல்லியே நீ. பாத்தாலும் பாக்காத மாரி கீற."

அவளுக்குப் புரிந்தது. சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. சார், அது நீங்க நினைக்கிறாப்ல இல்ல, எனக்கு— சொன்னால் அடுத்து மாத்திரையைச் சொல்ல வேண்டும். அப்புறம் வியாதியை. கண் சரியில்லாத ஒருத்தியை எந்தக் கம்பெனி செக்கிங்கில் வைத்துக்கொள்ளும்?

அவர் சட்டைப் பையை மெல்லத் தட்டிக் காட்டினார். "சீட்டு பத்திரமா கீது. நீ ஒண்ணுத்துக்கும் பயப்படாத."

இது ஆறுதலா, மிரட்டலா? அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. கோவிந்தராஜைக் கேட்டால் ஆறுதல் என்று சத்தியம் செய்வார். எனக்குப் பயமாக இருப்பது அதுதான்.

அடுத்த வாரப் பட்டியலில் முதல் பெயர் பேபியுடையது. சொர்ணத்தின் பெயரே இல்லை. இனி இரண்டாவது பாட்டிலுக்குக் காசும் இல்லை.

8

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பேபியின் புருஷன் டீக்கடையில் பால்ராஜிடம் எதையோ சொல்லியிருந்தான். பால்ராஜ் வந்து வாசல்படியில் உட்கார்ந்தான். செருப்பைக் கழற்றவில்லை.

"கம்பெனில எவனையோ பாத்துக் கண்ணடிக்கிறியாம்."

"அடிக்கல. அடைக்குது."

"இன்னாது?"

"கண்ணு அடிக்கலய்யா, அடைக்குது. மின்ன நீ ஒரு கண்ணுக்குத்தான ஊத்துன? ஊத்தாத கண்ணு தானா மூடிக்கிச்சு. எதுருல கீறவனுக்கு அது வேற மாரி தெரிஞ்சுது."

பால்ராஜ் அவளையே பார்த்தான். பிறகு சிரித்தான். "அப்போ நாந்தான் ஒன்ன கண்ணடிக்க வெச்சேனா?" தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். அவளும் சிரித்தாள். சிரிப்போடு சிரிப்பாக, சட்டைப் பையில் இருக்கும் சீட்டைப் பற்றியும் சொன்னாள். அவன் முகம் மாறியது.

"நாளிக்கி வந்து அந்தாளு மூஞ்சியப் பேத்துடறேன்."

"வா. வந்து பேத்துடு. அப்பால? வேலை பூடும். வேலை பூட்டா கார்டு பூடும். கார்டு பூட்டா மாத்திரை பூடும். மாத்திரை பூட்டா..."

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

9

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. சொர்ணம் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். கோவிந்தராஜ் தலைகுனிகிறார். சீட்டைக் கிழிக்கிறார். மறுநாள் தன் காசில் ஒரு பாட்டில் வாங்கி வந்து மேஜைமேல் வைக்கிறார். நடக்கலாம், நல்லவர்கள் இல்லாமலில்லை. ஆனால் எத்தனை முறை எழுதினாலும் சொர்ணம் அந்தப் பாட்டிலைத் தொடவில்லை. அது மேஜைமேலேயே இருந்தது. கதை அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

இரண்டு. இரண்டு கண்ணுக்கும் மருந்து விட்டுக்கொண்டு, வேலைக்காக வேண்டுமென்றே கண்ணடிக்கத் துணிகிறாள். ரசம் போன கண்ணாடி முன் நின்று இடது கண்ணை மட்டும் மூடிப் பார்க்கிறாள். இரண்டும் சேர்ந்து மூடுகின்றன. மறுபடியும். மறுபடியும் இரண்டும். சிலருக்கு அது வராது. ஊரே பேசிய பெண்ணுக்குக் கண்ணடிக்கவே தெரியாது. பின்னாலிருந்து பார்த்த பால்ராஜ் வெளியே போகிறான். எனக்கு இந்தக் காட்சி பிடித்திருக்கிறது. சொர்ணத்துக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டாள்.

மூன்று. மாத்திரையை நிறுத்துகிறாள். சில வாரத்தில் கண் தானாகவே ஈரமாகிறது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள்—

இல்லை.

அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். ஆனால் கையில் வந்ததே, அதை என்ன செய்வது? எனக்குத் தோன்றியது அவளுக்குத் தோன்றாமலா இருந்திருக்கும்?

10

திங்கட்கிழமை காலை. இன்னும் கொஞ்ச நேரத்தில் கம்பெனிச் சங்கு ஊதும்.

சொர்ணம் பாயில் மல்லாந்து படுத்திருக்கிறாள். பாட்டிலின் அடியில் கொஞ்சம் இருக்கிறது. ஒரு கண்ணுக்கு என்றால் சம்பளம் வரைக்கும் இழுக்கலாம். பால்ராஜ் மண்டியிட்டுக் கட்டைவிரலால் வலது இமையைத் தூக்கி ஒரு சொட்டு விட்டுவிட்டான். வலது கண் குளிர்ந்துவிட்டது. இப்போது பாட்டில் இடது கண்ணுக்கு மேலே வந்து நிற்கிறது.

"இதுக்கு?" என்கிறான்.

விட்டால், இரண்டு கண்ணும் திறந்தபடி போய் உட்காருவாள். கோவிந்தராஜ் பார்ப்பார். ஒன்றும் நடக்காது. சீட்டு அவர் பையில் இருக்கும். என்றைக்காவது ஒருநாள் அவள் வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்கும். பாட்டிலும் சம்பளத்துக்கு முன்னாலேயே தீரும்.

விடாவிட்டால், கண் மூடும். லைன் சிரிக்கும். பட்டியலில் பெயர் வரும். கார்டு இருக்கும், மாத்திரை இருக்கும். கம்பி இல்லாத ஃபியூஸ் சில அவளைத் தாண்டிப் போகும்.

சொர்ணம் பாட்டிலைப் பிடித்திருக்கும் கைக்கு அந்தப் பக்கம், கூரைக்கும் அந்தப் பக்கம் பார்க்கிறாள். அங்கே நான் இருக்கிறேன், எனக்குப் பின்னால் நீங்கள். எனக்கு அவளை விலங்கியலில் தெரியும், அதில் இதற்கு விடை இல்லை. நீங்கள் சொல்லுங்கள். எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள். 'அது பாத்துக்கும்' என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை அவள் ஏற்கெனவே சொல்லிப் பார்த்துவிட்டாள்.

பால்ராஜின் விரல் அழுந்திவிட்டது. துளி நுனியில் திரண்டு தொங்குகிறது.

"சீக்கிரம் சொல்லு, வுழப்போவுது."