எங்கள் ஹாலில் நாடு

வெளிநாட்டு முதலீட்டாளருக்கு நாட்டைக் காட்ட எங்கள் ஹாலைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். காலையில் தொழில் துறையிலிருந்து எழில்வாணன் என்ற அதிகாரி ஆட்களோடு வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தவர், என்னைச் சுவரோரம் நிறுத்தினார்.

"சார், நீங்கதான் அரசியல் நிலைத்தன்மை. அப்படியே நில்லுங்க."

"எவ்வளவு நேரம் சார்?"

"நிலைத்தன்மைக்கு ஏது சார் நேரம்?"

நியாயமாகத்தான் பட்டது. நின்றேன்.

என் மனைவி புனிதவதி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளை மலிவான உழைப்பு என்று எழுதிக்கொண்டார்கள். "புதுசா என்ன, அதானே பண்ணிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அடுத்தது சாலை வசதி. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே எட்டு வழிச் சாலை போட்டார்கள். சாலை நன்றாக இருந்தது. சமையலறைதான் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. மதியத்துக்குள் புனிதவதி ஒரு புள்ளியாகிவிட்டாள். கண்டெய்னர் லாரிகள் போகும்போது அந்தப் புள்ளியும் மறைந்தது. தாளிக்கிற வாசனை மட்டும் வந்தது.

"ஏங்க, சாப்பிட வரலியா?" அவள் குரல் தொலைவில் கேட்டது.

"சார், ஒரு பதில் சொல்லிடட்டுமா?" என்று எழில்வாணனைக் கேட்டேன்.

"வேணாம் சார். சத்தம் கேட்டா கலவரம்னு நினைச்சுக்குவாங்க."

அவள் மறுபடி கூப்பிட்டாள். பிறகு கூப்பிடவில்லை.

முதலீட்டாளர் குடையோடு வந்தார். ஃபேனைப் போட்டு நிறுத்தினார். குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்தார். என் தோளை அழுத்திவிட்டுத் தன் மொழியில் ஏதோ சொன்னார்.

"கெட்டியா இருக்கீங்களாம்" என்றார் எழில்வாணன். "பிடிக்கலைன்னா எப்போ வேணா கிளம்பலாமான்னு கேக்கறார்."

உடனே எனக்குப் பக்கத்திலேயே சுவரை உடைத்து ஒரு கதவு வைத்தார்கள். திறந்தால் கடல் காற்று வந்தது.

"சார், இந்தக் கதவு வழியாப் போய், சுத்திக்கிட்டு சமையலறைக்குப் போயிட்டு வந்துடறேன்."

"அது அவர் போறதுக்கு சார். நீங்க போயிட்டா அவர் எதை நம்பி வருவார்?"

கதவுக்குப் பொருத்தமாகச் சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். என்னையும் சேர்த்து அடித்தார்கள்.

முதலீட்டாளருக்குப் பசித்தது. எழில்வாணன் சாலையைப் பார்த்துக் கை காட்டினார். கம்பெனி பஸ் ஒன்று வந்து நின்றது. சீருடையும் கழுத்தில் அடையாள அட்டையுமாகப் புனிதவதி இறங்கினாள். தலை பாதி நரைத்திருந்தது. முதலீட்டாளருக்கு இலை போட்டு, சோறும் வத்தக்குழம்பும் பரிமாறினாள். பிறகு என் பக்கம் பார்த்தாள்.

"இந்தத் தூண் எப்ப சார் கட்டினீங்க?"

"ரொம்ப நாளாவே இருக்கும்மா" என்றார் எழில்வாணன்.

அவள் பெயரைச் சொல்ல வாயைத் திறக்கப் பார்த்தேன். பெயிண்ட் காய்ந்திருந்தது.

"இங்க எங்க வீட்டுக்காரர் ஒருத்தர் இருந்தார்" என்றாள். கால் வலித்திருக்க வேண்டும். வந்து என் மேல் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முதுகின் சூடு என் நெஞ்சில் உறைக்கத் தொடங்கியபோது கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது.