காரணம் எழுதாத கோடு

மொரெனிகேயின் அப்பா முஃபுதாவ் இறந்துபோன பிறகும் எட்டு மாதம் சாங்கோ சந்திப்பில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். இடது தோளில் தொடங்கி வலது இடுப்புவரை ஒரு நீல மைக்கோடு உடம்பின் குறுக்கே ஓடியதைத் தவிர ஆளிடம் வேறு மாற்றம் கிடையாது. சட்டை போட்டாலும் கோடு தெரியும், கழற்றினாலும் தெரியும். ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேராக இருந்தது. ஸ்கேல் வைத்துப் போட்டதுதான்.

பாலிடெக்னிக்கில் ஆய்வகப் படிப்பு இரண்டு வருஷம் முடித்தவர்கள் மேலே படிக்க வேண்டுமென்றால், நடுவில் முழுசாக ஒரு வருஷம் எங்காவது வேலை பழகிவிட்டு வரவேண்டும். மொரெனிகே பதினாலு ஆலைகளின் வாசலில் நின்று திரும்பி, பதினைந்தாவதாகப் பக்கத்து ஊரான ஓட்டாவில் காய்ச்சல் மாத்திரை செய்யும் ஆலையொன்றில் ஜனவரியில் சேர்ந்தாள். "எம் பொண்ணு மருந்து செய்யுறா" என்று அப்பா போகிற வருகிற டிரைவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். அவளோ முதல் மூன்று மாதம் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவினாள். மாத்திரைகள் எத்தனை மாதம் கெடாமல் தாங்கும் என்று பார்க்க அவற்றைப் பூட்டிவைக்கும் அறையின் சூட்டையும் ஈரத்தையும் நாளுக்கு மூன்று வேளை பதிவேட்டில் எழுதினாள். முப்பது, எழுபத்தைந்து. முப்பது, எழுபத்தைந்து. ஒருநாள் கை தவறி முப்பத்தொன்று என்று எழுதிவிட்டு, அதன்மேல் பேனாவைத் தேய்த்து மறைத்தாள். ஆய்வகத் தலைவி ஷோடெய்ண்டே மேடம் பதிவேட்டை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"வாங்க மகாராணி. இதுக்குக் கீழ என்ன இருந்துச்சு?"

"முப்பத்தொண்ணு மேடம். தப்பா எழுதிட்டேன்."

"தப்பு பண்ணு, பரவால்ல. மறைக்காத. ஒரே ஒரு கோடு போடு, அடியில இருக்கறதப் படிக்க முடியணும். பக்கத்துல கையெழுத்து, தேதி, காரணம். காரணம் எழுதலேன்னா திருத்தம் செல்லாது. பழசும் போகாது, புதுசும் வராது, அந்தரத்துல நிக்கும். புரியுதா?"

நன்றாகவே புரிந்தது. வீட்டில் சாமான் சீட்டு எழுதும்போதுகூட அவள் வெங்காயத்தை ஒற்றைக் கோட்டால் அடித்து, கையெழுத்துப் போட்டு, 'வீட்டில் இருக்கிறது' என்று காரணம் எழுதினாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஏப்ரல் இரண்டாம் வாரம், புதன்கிழமை, ஒரு லாரி டயருக்குக் காற்றடிக்கக் குனிந்த முஃபுதாவ் அப்படியே உட்கார்ந்தார், பிறகு எழுந்திருக்கவில்லை. ஆய்வகத்துக்குள் போன் கூடாது என்பதால் காவலாளிதான் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து நின்றார். லீவு கொடுக்கும் குமாஸ்தா அவளுடைய பயிற்சிக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தைப் பார்த்தார். "பாதுகாவலர்னு அப்பா பேரு இருக்கேம்மா. அத மாத்திட்டு வா, அப்பத்தான் லீவு போட முடியும்" என்றார். இப்படிப்பட்ட மனிதரை என்ன சொல்ல! வேறு யாராவது என்றால் அழுகிற அழுகையில் கண்டபடி கிறுக்கியிருப்பார்கள். மொரெனிகேயின் கை மூன்று மாதமாகப் பழகிய கை. அது ஸ்கேலை எடுத்தது, முஃபுதாவ் என்ற பெயரின்மேல் ஒற்றைக் கோடு போட்டது, மேலே அம்மா பெயரை எழுதியது, கையெழுத்தும் தேதியும் போட்டது. காரணம் எழுதும் இடத்தில் பேனா நின்றுவிட்டது. இரண்டுமுறை முயன்றாள், அந்தச் சொல் வரவில்லை. குமாஸ்தா ஒருநாளும் ஆய்வகத்தில் வேலை பார்த்தவரல்ல, ஆகையால் முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்.

அவள் வீடு போய்ச் சேர்வதற்குள் பள்ளிவாசல் ஆட்கள் வெள்ளைத் துணி வெட்டிவைத்து, மய்யித்தைக் குளிப்பாட்டத் தண்ணீரும் எடுத்துவிட்டார்கள். முதல் குவளை ஊற்றியதும் முஃபுதாவ் எழுந்து உட்கார்ந்து, தண்ணீர் ஜில்லென்று இருக்கிறதே என்று குறைப்பட்டுக்கொண்டு, காற்றடிக்கும் மெஷினை யார் பூட்டினார்கள் என்று கேட்டார். ஒருவர் ஓடினார். மற்றவர்கள், வந்தது வந்துவிட்டோம் என்று இருந்தார்கள். இமாம் நாடி பார்த்தார், இல்லை. மூக்கருகே கை வைத்தார், மூச்சும் இல்லை. "உயிர் இல்ல. ஆனா ஆளு இருக்காரே, நான் யாருக்குத் தொழ வைக்க?" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் முஃபுதாவ் கடையைத் திறந்தார்.

டிரைவர்களுக்குக் கொண்டாட்டம். "மொரெனி அப்பா, நீங்க ஒட்டின டயர்தான் நிக்காம ஓடும்னு நெனச்சேன், நீங்களும் ஓடுறீங்களே!" என்றார்கள். அவரும் சிரித்தார். ஆனால் அவருக்கு வியர்க்கவில்லை, பசிக்கவில்லை, தூக்கமும் வரவில்லை. அம்மா தினமும் அமலாக் களியும் கீரைக்குழம்பும் தட்டில் வைப்பாள், ஆறிய பிறகு எடுத்துப் போவாள். அவள் நிலைமைதான் மோசம். இத்தா என்று நான்கு மாதம் பத்து நாள் வீட்டில் இருக்கலாமா என்று கேட்டதற்கு இமாம், "புருஷன் போனாத்தான் இத்தா. அவரு சந்திப்புல டயர் உருட்டிட்டிருக்காரு" என்றார். மனைவியும் இல்லை, விதவையும் இல்லை என்று ஆகி, அவள் எப்போதும்போல ரோட்டோரத்தில் வாழைக்காய் சுட்டு விற்றாள். கரியை விசிறும்போது அவள் யாரிடமும் பேசுவதில்லை.

மொரெனிகே சந்தோஷப்பட்டாள், ஏன் படமாட்டாள்? கோட்டின் கதையை ஜூனிலேயே அப்பாவிடம் சொன்னாள். அவர் குனிந்து அதைப் பார்த்து, நேராகத்தான் போட்டிருக்கிறாய் என்றார். ஆனால் அந்த மாதம்தான் ஆலையில் அவளை மாத்திரை சோதிக்கும் மெஷினில் உட்காரவிட்டார்கள். விடிவதற்கு முன் பஸ் ஏறினாள், சனிக்கிழமையும் போனாள். அவர் பஸ் நிறுத்தத்தில் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்து காத்திருப்பார், இவள் வந்திறங்கி, "தலை வலிக்குதுப்பா, நாளைக்குப் பேசலாம்" என்று வீட்டுக்கு நடப்பாள். ஆள் இருக்கிறார்தானே என்று நினைத்துவிட்டாள். அந்த நினைப்பு இன்றுவரை அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

செப்டம்பர் மழையில் அவர் சொன்னார். "கண்ண மூடினாலும் உள்ள வெளிச்சமாவே இருக்கு மொரெனி. அஞ்சு மாசமா ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல." அவள் காதில் விழாததுபோல் இருந்தாள். அக்டோபரில் நேராகவே கேட்டார்.

"அந்தக் காலி இடத்துல எழுத வேண்டியத எழுதிடும்மா."

"எனக்கு எழுத வராதுப்பா."

"அப்ப உன்னப் படிக்க வெச்சதே தண்டம்னு சொல்லு" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

டிசம்பரில் குறிப்பேடு மேடத்தின் கையெழுத்துக்குப் போனது. முதல் பக்கத்தைப் புரட்டியதுமே மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "காரணம் எங்க?" மொரெனிகே எல்லாவற்றையும் சொன்னாள். மேடம் ஆச்சரியப்படவில்லை. அரைகுறைத் திருத்தம் ஒன்றால் ஒரு லோடு மாத்திரை விற்கவும் முடியாமல் கொட்டவும் முடியாமல் இரண்டு வருஷம் கிடங்கில் கிடந்ததைப் பார்த்தவர் அவர்.

"நான் கையெழுத்துப் போட்டுட்டா இந்தப் புக்கு மூடிடும், அப்புறம் ஒரு எழுத்து சேக்க முடியாது. உனக்குச் சர்ட்டிபிகேட் கெடைக்கும், அவரு எந்தக் காலத்துக்கும் இப்படியே நிப்பாரு. வேணும்னா எடுத்துட்டுப் போ, திங்கக்கிழமை கொண்டா."

"ஏப்ரல் தேதி போடலாமா மேடம்?"

"முன்தேதியா? அது பொய். என்னிக்கு எழுதுறியோ அன்னிக்குத் தேதி."

சனிக்கிழமை அவள் வேலைக்குப் போகவில்லை. காலையிலிருந்து அப்பாவின் கடையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பெரிதாக ஒன்றும் பேசவில்லை. ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினால் எந்த இடத்தில் குமிழி வருகிறது என்று காட்டினார், அவள் பார்த்தாள். பதினொரு மணிக்குக் கடையைப் பூட்டி, சாவியை அவளிடம் கொடுத்தார். வீட்டில் அம்மா பாயை விரித்து வைத்திருந்தாள். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. மொரெனிகே குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டு பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

"என்ன எழுதப்போற?" என்றார் அப்பா.

"அந்த வார்த்தைய என்னால எழுத முடியாதுப்பா."

"அத யாரு எழுதச் சொன்னா? உள்ளத எழுது."

'அப்பாவுக்குத் தூக்கம் வருகிறது' என்று எழுதி, அன்றைய தேதியைப் போட்டாள். அவர் அதை ஒருதரம் படித்தார், தலையாட்டினார், பாயில் படுத்து, கண்ணை மூடினார். மை காய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அஸர் தொழுகைக்கு முன்பே அடக்கம். குளிப்பாட்டியவர்கள் சோப்புப் போட்டும் கோடு போகவில்லை, இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். இந்தமுறை இமாம் மறுபேச்சில்லாமல் தொழவைத்தார். லாரிகளை ரோட்டோரம் வரிசையாக நிறுத்திவிட்டு டிரைவர்கள் தோள் கொடுத்தார்கள். இத்தா அன்றைய தேதியிலிருந்து கணக்கிடப்பட்டது, யாரும் ஆட்சேபிக்கவில்லை. முஃபுதாவ் ஏப்ரலில் இறந்து டிசம்பரில் போனார் என்று சாங்கோவில் இன்றும் சொல்வார்கள், சிமெண்ட் விலை ஏறியதைச் சொல்வதுபோலத்தான்.

ஆட்கள் கலைந்த பிறகு அம்மா மகளைப் பார்த்தாள். "இத்தன மாசமா நான் ஏன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடலன்னு என்னிக்காவது கேட்டியாடி?"

மொரெனிகே இல்லையென்று தலையசைத்தாள்.

"அவரு காதுல விழுந்துருமேன்னுதான்" என்றாள் அம்மா. சொல்லி முடிப்பதற்குள் வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். தெருக்கோடிவரை கேட்டது. மகள் அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "நான் அவரோட பேசவே இல்லம்மா, பேசவே இல்ல" என்று கதறினாள். மூன்று நாளாக இல்லாத கரண்ட் அந்த நேரத்தில் வந்தது. எப்போது கரண்ட் வந்தாலும் பெரியவர்கள், சின்னவர்கள் என்றில்லாமல் ஹோவென்று கத்துகிற தெரு அது. அன்று ஒருவரும் கத்தவில்லை.