இளக்கிய கலவை

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா. காலை நன்றாக நீட்டிக்கொள்ளுங்கள், இங்கே யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டக் கடல் தாண்டிப் போன ஒருத்தியின் கதை சொல்கிறேன்.

தையல்காரி அவள். ஐம்பத்தாறு வயது. புருஷன் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம். ஊரில் மூன்று அறை வீடு. மூன்றிலும் அவள் ஒருத்திதான். வீடு கட்டித் தரும் சங்கம் ஒன்று மூன்று வார வேலைக்கு ஆள் தேடுகிறது என்றதும் பெயர் கொடுத்துவிட்டாள். ஒரே ஓர் ஆசை: தான் கட்டிய வீட்டுக்குள் ஒரு குடும்பம் சாவி திருப்பி நுழைவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

போன இடத்தில் ஓர் அறை, இரும்புக் கட்டில், ஆணியில் ஒரு கண்ணாடி. கூட வேலை செய்த பத்துப் பேரும் வேறு பாஷை. அவர்கள் சிரித்தால் இவளும் சிரிப்பாள், கொஞ்சம் பிந்தி. அதற்குள் அவர்கள் அடுத்த பேச்சுக்குப் போயிருப்பார்கள். தமிழ் பேச ஒரே ஆள், பிழைக்க வந்து அங்கேயே தங்கிவிட்ட மேஸ்திரி. அவர் வாயைத் திறந்தாலோ அதட்டல்தான்.

வீடு பெறுகிறவளும் கூட நின்று வேலை செய்ய வேண்டும் என்பது சங்கத்தின் வழக்கம். அவள் இரண்டு பிள்ளைக்காரி. செங்கல்லை நீட்டுவாள், இவள் வாங்குவாள். பேச்சு கிடையாது. ஆனாலும் ஒரு நாளில் இவள் முகத்தை யாராவது நேராகப் பார்த்தார்கள் என்றால், அந்தக் கல் கைமாறும் நேரத்தில்தான்.

கடைசி வாரம். சனிக்கிழமை சாவி கொடுப்பது, ஞாயிறு இவளுக்கு விமானம். புதன்கிழமை மிச்சமிருந்தது சமையலறைத் தடுப்புச் சுவர் ஒன்றே. மதியம் சாப்பிட்டு வந்தால், காலையில் கலந்த சிமெண்டுக் கலவை இறுகிக் கிடந்தது. கெட்டிப்பட்ட மாவைத் தண்ணீர் தெளித்து இளக்கியே பழகிய கை. எதையும் கொட்ட மனசு வராது. ஒரு செம்பு தண்ணீர் விட்டுக் கிளறினாள். வெண்ணெய் மாதிரி வந்தது. மேல் ஐந்து வரிசையையும் வைத்துச் சுவரை முடித்தாள். சுவர் நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு தொங்கவிட்டுப் பார்த்த மேஸ்திரி, “பரவால்லக்கா, கோடு போட்ட மாதிரி இருக்கு” என்றார். அன்றைக்கு அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் முதல் ஆளாக வந்து சுவரைத் தடவினாள். இடுக்கில் நகம் பட்டதும் பொலபொலவென்று மணல் கொட்டியது. அடுத்த இடுக்கிலும் அப்படியே. இன்னும் ஒரு மணி நேரத்தில் பூச்சு ஏறிவிடும், அப்புறம் யார் கண்டார்கள்? சொன்னால் இடிப்பார்கள், சாவி தள்ளிப்போகும். ஆனால் அந்தச் சுவரில்தானே பாத்திர அலமாரி மாட்டப்போகிறார்கள்? அதன் கீழேதானே பிள்ளைகள் உட்காரும்?

“மேஸ்திரி, நேத்து இறுகிப்போன கலவைல தண்ணி ஊத்திட்டேன்.”

அவர் ஒரு கல்லை ஒற்றைக் கையால் தள்ளினார். ஆடும் பல் மாதிரி வந்துவிட்டது.

“ஏங்க்கா, இது என்ன உங்க அடுப்படியா, மிச்சத்தைத் தண்ணி விட்டு ஒப்பேத்த? இறுகின சிமெண்டு மறுபடி பிடிக்காதுக்கா.”

“தெரியாம பண்ணிட்டேன்.”

“நானும் குண்டைத்தான் பாத்தேன், கலவையப் பாக்கல.” தலையைச் சொறிந்தார். “முழுசா இடிச்சு எழுப்பணும். சாவி இனி அடுத்த வாரம்தான். நீங்க ஞாயித்துக்கிழமை போயிடுவீங்களே?”

“ஆமா.”

“பூசியிருந்தா எனக்கே தெரிஞ்சிருக்காது. சும்மா இருந்திருக்கலாம்ல?”

“இருந்திருக்கலாம்.”

அவர் கடப்பாரையை அவளிடம் நீட்டினார்.

விஷயத்தை வீடு பெறுகிறவளிடம் அவள் பாஷையில் அவரே சொன்னார். அவள் சுவரைப் பார்த்தாள், இவளைப் பார்க்கவில்லை. அன்று முதல் கல்லை வேறொருவர் கையில் கொடுத்தாள்.

சனிக்கிழமை நாத்தனார் போன் பண்ணினாள். “என்ன அண்ணி, கதவு தொறந்தாச்சா? போட்டோ எங்க?”

“அடுத்த வாரம் தொறப்பாங்க.”

“நீங்க அங்க இருக்கமாட்டீங்களே! அதுக்கா அவ்வளவு தூரம் போனீங்க?”

“சுவர் கட்டப் போனேன். வச்சிடட்டுமா, கைநெறைய சிமெண்டு.”

கை சுத்தமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வேன் அந்தத் தெரு வழியாகவே போனது. வீடு பூட்டியிருந்தது. ஜன்னலுக்குள் இடுப்பளவு எழும்பிய புதுச் சுவர், இன்னும் ஈரமாய். தெரு முடியும் வரைக்கும் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

நீங்கள் எழுந்து போங்கள் கண்ணுகளா, நேரமாகிறது. உங்கள் வீட்டுச் சுவர் கல்லாய் நிற்கட்டும். பிள்ளைகுட்டிகளோடு பசியில்லாமல், பிரிவில்லாமல் நிறைந்திருங்கள்.