ஒருவர் தங்கும் அறை

இரண்டு காகிதக் குவளைகளையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் துருப்பிடித்த கைப்பிடியைப் பற்றியபடி அவள் ஏறிக்கொண்டிருந்தாள். விடுதியின் பின்பக்கம், தீப்பிடித்தால் இறங்குவதற்காக வைத்த இரும்புப் படி. தீ எதுவும் பிடிக்கவில்லை. ஐம்பத்தாறு வயதில், தேய்ந்த முட்டியோடு, பதினெட்டு நாட்களில் ஏழாவது விடுதியில் அவள் இப்படித் திருட்டுத்தனமாக ஏறுகிறாள். அவ்வளவுதான்.

யோசனை அவருடையது. ஒருவர் தங்கும் அறைக்கு வாடகை குறைவு. அவர் முன்வாசல் வழியாகப் போய், பேரேட்டில் 'ஆட்கள்: 1' என்று எழுதவைத்து, சாவி வாங்கிக்கொள்வார். அரைமணி கழித்து அவள் பின்வழியாக வருவாள். அவளுடைய அடையாள அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னதும் அவர்தான். "அட்டை இருந்தா காட்டுன்னு கேப்பான். இல்லைன்னா எதைக் காட்டுவே?" பணி ஓய்வு பெற்ற மறுமாதம், ஆளுக்கொரு முதுகுப் பையோடு, கடற்கரைச் சாலை எங்கே முடிகிறதோ அதுவரை சாதாரணப் பேருந்தில் போவது. வந்த வழியே திரும்புவதில்லை. இவை இரண்டும்தான் திட்டம். மிச்சமெல்லாம் சிக்கனம்.

மாடிக் கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க அவருடைய ஒற்றைச் செருப்பை அவள் இடையில் செருகிவிட்டுப் போயிருந்தாள். அதை எடுத்துக்கொண்டு, ஒன்பதாம் எண் அறைக் கதவை இருமுறை தட்டினாள். உள்ளேயிருந்து "பார்சல் வந்தாச்சா?" என்று குரல் வர வேண்டும். இருபத்தேழு வருடம் பிஸ்கட் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டியவளுக்கு அவர் வைத்த பெயர் அது. வீடு வீடாகப் போய் மின் கணக்கெடுத்த அவருக்கு அவள் வைத்த பெயர் மீட்டர்.

குரல் வரவில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"ஏங்க, எந்திரிங்க. இன்னிக்கு ஜன்னல் சீட்டு உங்களோடது. ஏழரை வண்டியை விட்டா அப்புறம் நின்னுக்கிட்டுத்தான் போகணும்."

கடல் தெரியும் ஜன்னல் ஒருநாள் அவளுக்கு, ஒருநாள் அவருக்கு. போன பயணத்தில் அவள். மேசையில் இருந்த இரண்டு எவர்சில்வர் டம்ளர்களையும் நகர்த்திவிட்டுத் தேநீரை வைத்தாள். ஒருவர் அறையில் எப்படி இரண்டு டம்ளர் வந்தது என்று மூன்று நாளாக அவர்களுக்குள் பேச்சு. "நம்ம ஆந்தை தூக்கத்துல வெச்சிருப்பான்" என்றார் அவர். கல்லாவில் இமைக்காமல் உட்கார்ந்திருக்கும் மேலாளர்தான் ஆந்தை.

போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த பாதத்தைத் தொட்டாள். கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு அடுத்த பாதத்தையும் தொட்டுப் பார்த்தாள். அதுவும் அப்படித்தான் இருந்தது.

அவள் கத்தவில்லை. கத்தினால் ஆள் வரும், வந்தால் மாட்டிக்கொள்வோம் என்பதுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகப் பிற்பாடு வெட்கப்பட்டாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தன் தேநீரைக் குடித்தாள். ஆறிக்கொண்டிருந்தது. அவருடையதையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதன்மேல் ஆடை படிந்ததும் எழுந்தாள். போர்வையால் பாதங்களை மூடினாள். முன்படி வழியாக, முதல் தடவையாக, இறங்கினாள்.

ஆந்தை நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் பெரிய கண்கள்.

"ஒம்பதாம் நம்பர்ல... எங்க வீட்டுக்காரர்... எந்திரிக்க மாட்டேங்கறாருங்க."

அவர் பேரேட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் எதிர்ச்சாரியில் இருந்த மருத்துவரைக் கூப்பிட ஓடினார்.

மருத்துவர் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார். "தூக்கத்துலயே போயிருக்கார்மா. நெஞ்சுதான். விடியக்காலை நாலஞ்சு மணி இருக்கும். வலி தெரிஞ்சிருக்காது." பக்கத்தில் படுத்திருந்த தனக்கும் தெரியவில்லை என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். மருத்துவர் அதற்குள் கைகழுவப் போய்விட்டார்.

அதன்பின் காவலர் வந்தார். வயதானவர், காலை உணவு இன்னும் ஆகாதவர். விடுதியில் நடந்த சாவு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றார். இரண்டு மணிநேரம், வந்த கடற்கரைச் சாலையிலேயே பின்னோக்கி. வண்டியும் வந்து நின்றது. காவலர் கல்லா மேசைமேல் தாளை விரித்து, பேரேட்டைப் பார்த்து எழுத ஆரம்பித்து, நிறுத்தினார்.

"ஒருத்தர்னு இருக்கு. நீங்க யாரும்மா?"

"அவரோட சம்சாரம்."

"அப்போ இதுல ஏன் இல்லை?"

அவள் சொன்னாள். பின்படி, செருப்பு, வாடகை, எல்லாம். சொல்லச் சொல்ல அவளுக்கே அது பொய் மாதிரிக் கேட்டது.

"அடையாள அட்டை?"

"வீட்ல இருக்கு."

"கல்யாண போட்டோ? போன்ல ஒண்ணாவது இருக்குமே."

அவள் பொத்தான் கைப்பேசியை எடுத்து மேசைமேல் வைத்தாள். இருவருக்கும் சேர்த்து அது ஒன்றுதான். கனம் குறைவு என்று கொண்டுவந்தது. மகளுக்கு மூன்று முறை அடித்தாயிற்று. வேலை செய்யும் இடத்தில் கைப்பேசியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போவாள், மதியச் சாப்பாட்டுக்குத்தான் எடுப்பாள்.

காவலர் ஆந்தையின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. இந்தம்மாவைத் தெரியுமா?"

ஆந்தை பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார். "ரிஜிஸ்டர்ல ஒருத்தர்தான் சார்."

"ஏம்மா, எழுதியிருக்கறதைத்தானே நான் எழுத முடியும்? தனியா வந்த ஆம்பளை. காலைல பார்த்தா ரூம்ல ஒரு பொம்பளை. ஆள் செத்துக் கிடக்கார். எனக்கு மேல இருக்கறவன் படிச்சா என்ன நினைப்பான்? நான் நினைக்கறேன்னு சொல்லலை." அவர் குரலைத் தாழ்த்தினார். "மதியம் உங்க பொண்ணு பேசட்டும். கல்யாணப் பதிவை அனுப்பட்டும். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வாங்க, கொடுப்பாங்க. இப்போ வண்டியில உங்களை ஏத்த முடியாது."

"அவர் தனியாவா போவாரு?"

"டிரைவர் இருக்கான்ல."

தாளில் 'உடன் வந்தவர்' என்று அச்சடித்த இடத்துக்கு எதிரே காவலர் 'எவரும் இல்லை' என்று எழுத ஆரம்பித்தார். 'எவ' வரை வந்துவிட்டது. தலைகீழாக அதை அவள் படித்தாள். முப்பத்தொரு வருடத்தில் அந்த மனிதர் கடைக்குப் போனால்கூட "நீயும் வர்றியா?" என்று கேட்காமல் செருப்பு மாட்டியதில்லை. பெரும்பாலும் அவள் வரவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

"ஒரு நிமிஷம் இருங்க சார்" என்று மாடிக்கு ஏறினாள். இரண்டு பைகளையும் இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டு இறங்கினாள். கல்லா மேசைமேல் வைத்துப் பிரித்தாள். அவர் பையில் இருந்தது இடப்பக்கம், அவள் பையில் இருந்தது வலப்பக்கம். தொழிற்சாலையில் வரிசை பிடித்த கை, இப்போதும் ஒரு விரற்கடை பிசகவில்லை.

பாதிச் சோப்பு, பாதிச் சோப்பு. நூலை இறுக்கி அறுத்தது. பிடியை ஒடித்துச் சிறிதாக்கிய பல்துலக்கிகள் இரண்டு. ஒரே துண்டை நடுவில் கிழித்த இரண்டு பாதிகள். அவளுடையதில் ஓரம் தைத்திருந்தது, அவருடையதில் நூல் நூலாகத் தொங்கியது. தைத்துத் தருகிறேன் என்று பதினெட்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இது எல்லாரும் பண்றதுதானேம்மா" என்றார் காவலர். ஆனால் பேனாவைக் கீழே வைத்திருந்தார்.

கடைசியாகப் புத்தகங்களை வைத்தாள். புத்தகங்கள் அல்ல, புத்தகம். பழைய புத்தகக் கடையில் எடுத்த துப்பறியும் நாவல், தலையணை கனம். ஒருவர் பையில் ஏற்றினால் அந்தத் தோள் என்ன பாவம் செய்தது என்று அவர் சமையலறைக் கத்தியால் முதுகைப் பிளந்துவிட்டார். முன்பாதி அவருக்கு. பின்பாதி அவளுக்கு. அதனால் அவள் நாவலைப் பின்பாதியிலிருந்து படித்தாள். இரண்டே நாளில் கொலைகாரன் யார் என்று தெரிந்துவிட்டது, யாரைக் கொன்றான் என்று தெரியவில்லை. அவர் பேருந்தில் நான்கு பக்கம் படிப்பார், தூங்கிவிடுவார். "வாயைத் திறந்தே, நடு ரோட்டுல எறக்கி விட்டுருவேன்" என்று தினமும் ஒருமுறை எச்சரிப்பார்.

காவலர் அவருடைய பாதியை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். கண்களைச் சுருக்கிக்கொண்டு சத்தமாகவே படித்தார். "'கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஆனால் மேசைமேல் எரிந்துகொண்டிருந்த...'"

அங்கே பக்கம் முடிந்திருந்தது. நூற்று நாற்பத்தாறு.

அவள் தன்னுடைய பாதியைத் திறந்து அவர் முன்னால் தள்ளினாள். நூற்று நாற்பத்தேழு.

"'...சிகரெட்டில் உதட்டுச்சாயம் ஒட்டியிருந்தது'" என்று காவலர் முடித்தார். தன்னையறியாமல் அடுத்த மூன்று வரிகளையும் மனதுக்குள் படித்தார். பிறகு இரண்டு பாதிகளையும் சேர்த்து வைத்து, கத்தி கோணலாகப் போன இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். கோணலும் கோணலும் பொருந்தின.

வண்டி ஓட்டுநர் வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்.

"சார்" என்றார் ஆந்தை. "அந்த ரெண்டாவது டம்ளர் நான்தான் வெச்சேன்."

காவலர் திரும்பினார்.

"முதல் நாள் ராத்திரியே தெரியும் சார். ஒரு ஆள் சிரிச்சா ஒரு சத்தம்தானே கேக்கும்? ஒம்பதுல ரெண்டு கேட்டுது. முதலாளிக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும், அதான் வாயை மூடிக்கிட்டிருந்தேன்." அவர் அவளைப் பார்க்கவில்லை. "போர்வையும் பெருசாத்தான் கொடுத்தேன்மா. கவனிச்சீங்களான்னு தெரியலை."

"கவனிச்சோம்" என்றாள் அவள். கவனிக்கவில்லை.

ஆந்தை பேரேட்டைத் தன் பக்கம் திருப்பினார். ஒன்பதாம் எண்ணுக்கு நேரே 'ஆட்கள்' என்ற கட்டத்தில் இருந்த 1-ஐ ஒரு கோடு போட்டு அடித்தார். பக்கத்தில் 2 என்று எழுதி, கீழே தன் கையெழுத்தைச் சுருக்கமாகப் போட்டார்.

"பேர் சொல்லுங்கம்மா."

அவள் சொன்னாள். ஏழு விடுதிகளில் முதல் தடவையாக அது எழுதப்பட்டது, அவர் பெயருக்குக் கீழே, கொஞ்சம் நெருக்கியடித்துக்கொண்டு. காவலர் தன் தாளில் 'எவ' என்று இருந்ததை அடித்துவிட்டு 'மனைவி' என்று எழுதினார்.

பைகளை அவள் மறுபடி கட்டினாள். அவருடையதை அவர் பையில், தன்னுடையதைத் தன் பையில். காவலர் புத்தகத்தின் இரண்டு பாதிகளையும் நீட்டியபோது ஒரு கணம் விடாமல் பிடித்திருந்தார்.

"கேக்கக் கூடாது. இருந்தாலும், யாரும்மா கொலை பண்ணினது?"

அவரை மாடியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். முன்படி குறுகல், திருப்பத்தில் சற்று நின்று, "மெதுவா, மெதுவா" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அவள் குரலைத் தணித்தாள்.

"அவர் இன்னும் படிக்கலைங்க."

காவலர் தலையசைத்தார்.

வண்டி கிளம்பி, ஊர் முனையில் திரும்பி, வந்த சாலையில் ஏறியது. படுக்கை கடல் பக்கமாக இருந்தது. அவள் உள்பக்கத்து இருக்கையில், இரண்டு பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜன்னலில் சாம்பல்நிறத் திரை. அதை ஒதுக்கினாள். தண்ணீர் வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது.

"சூடு தாங்காதும்மா. திரையைப் போட்டுக்கோங்க" என்றார் ஓட்டுநர்.

"இருக்கட்டும் தம்பி."

பாதி வழியில் கைப்பேசி அடித்தது.

"என்னம்மா, மூணு தடவை கூப்பிட்டிருக்கே? காசு காசுன்னு மிஸ்டு கால் குடுக்கற ஆளுங்களாச்சே நீங்க. எங்க இருக்கீங்க ரெண்டு பேரும்?"

"வண்டியில."

"அடுத்த ஊருக்கா?"

"இல்லை. திரும்பி வந்துக்கிட்டிருக்கோம்."

"திரும்பியா? வந்த வழியில வரமாட்டேன்னு அப்பா அவ்ளோ சவடால் விட்டாரே." மகள் சிரித்தாள். பதில் வராததால் சிரிப்பு நின்றது. "அம்மா? அப்பாகிட்ட குடு."

சாலை அந்த இடத்தில் மோசமாக இருந்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் திரை வளையம் வளையமாக நழுவி மூடிக்கொள்ளப் பார்த்தது. கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, அவள் எட்டி அதைப் பிடித்துக்கொண்டாள்.