மணி அடித்தால் குழாயை விட்டுவிடுவார்கள்

மடத்து வாஷிங் மெஷின் என் உயிரை எடுத்தது. ஆறு பேர் வீட்டுக்குச் செய்த மெஷினில் இருபத்திரண்டு கன்னியாஸ்திரிகளின் துணியைத் திணித்தால் அது என்னதான் செய்யும்? போதாததற்கு, முக்காட்டில் குத்துகிற குண்டூசியை எடுக்காமலே உள்ளே போட்டுவிடுவார்கள். ஊசி நேராகப் போய்த் தண்ணீர் பம்பில் சிக்கும். வாரம் தவறாமல் எங்கள் ரிப்பேர் கடைக்கு ஃபோன் வரும். அண்ணன் எடுப்பார். அவர் முதுகுவலிக்காரர். ஃபோன் எடுப்பது அவர் வேலை, குனிவது என் வேலை. அப்பா அம்மா போன பிறகு என்னை வளர்த்து, தொழில் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். எனக்கு முப்பத்தொரு வயது ஆகும்வரை அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம்.

முதல் நாள் எனக்கு உதவியாக ஒரு சின்ன சிஸ்டரை அனுப்பினார்கள். ஒரு கையில் டார்ச் பிடிக்க வேண்டும், இன்னொரு கையால் பம்புக்கு வரும் ரப்பர் குழாயை மடக்கிப் பிடிக்க வேண்டும். விட்டால் தொட்டித் தண்ணீர் முழுவதும் கொட்டிவிடும். முதலில் வாளியில் வடித்திருக்கலாமே என்று கேட்காதீர்கள், அந்த மெஷினுக்கு அடியில் வாளி நுழையாது. இரண்டு தடவை சொன்னேன். நன்றாகத் தலையாட்டினார். பம்பைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறேன், எங்கேயோ மணி அடித்தது. சிஸ்டர் டார்ச்சைக் கீழே வைத்தார். குழாயையும் விட்டார். போயே போய்விட்டார். தண்ணீர் முழுவதும் என் மடியில்.

சொட்டச் சொட்ட மடத்துத் தலைவியான மதரிடம் போய் நின்றேன். சிற்றாலயத்து வாசலில் கால் மணி நேரம் காக்க வைத்தார்கள், நண்பகல் செபமாம். வெளியே வந்த மதர் எனக்கு ஒரு துண்டைக் கொடுத்துவிட்டு, மணி அடித்தால் கையில் இருப்பதை அப்படியே வைக்க வேண்டும், அது எங்கள் ஒழுங்கு என்றார். கடிதம் எழுதிக்கொண்டிருந்தால் அந்த வரியைக்கூட முடிக்கக் கூடாதாம். அப்படியானால் உங்கள் மெஷினும் பாதியிலேயே கிடக்கும் என்றேன். மதர் கோபப்படவில்லை.

"முடிச்சிட்டு வரேன்னு சொன்னா, வேலைக்கு முடிவே இருக்காதும்மா."

வியாக்கியானம் நன்றாகத்தான் இருந்தது. நனைந்தது நானல்லவா.

அடுத்த வாரமும் அதே கூத்து. அதற்கடுத்த வாரமும். டார்ச் பிடிக்க ஆள் இல்லாமல் கால் மணி நேரம் சும்மா கிடப்பதற்குப் பதில், போய்ச் சிற்றாலயத்தில் கடைசி பெஞ்சில் உட்கார ஆரம்பித்தேன். நான் ஒன்றும் பெரிய பக்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசலோரம் நின்று, கடைசிப் பாட்டுக்கு முன்பே நழுவுகிற ஜாதி. அங்கே வானம் திறக்கவில்லை, குரல் எதுவும் கேட்கவில்லை. இருபத்திரண்டு பேர் சுமாராகப் பாடினார்கள். ஆனால் எழுந்து வரத்தான் மனம் வரவில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

பிறகு ஒருநாள் பல் டாக்டர் வீட்டு மெஷினுக்கு பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று கை நின்றுவிட்டது. மணி எதுவும் அடிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தால் சரியாகப் பன்னிரண்டு. பாதி பெல்ட்டை அப்படியே விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். டாக்டரின் மாமியார் கால் மணி நேரமும் என் எதிரிலேயே நின்று, நான் எதையோ தூக்கிக்கொண்டு ஓடப்போகிறேன் என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலமே கடைக்குப் புகார் போய்விட்டது.

அதோடு விட்டதா? தினமும் பன்னிரண்டானால் கை நின்றது. கடிகாரத்தைக் கழற்றி வைத்தேன். பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தேன், சோறு இறங்கவில்லை. வேண்டுமென்றே அந்த நேரத்தில் ஸ்கூட்டரில் சுற்றினேன், வண்டி தானாக மடத்துத் தெருவுக்குப் போனது. கடவுளிடம் சண்டை போட்டேன். ஊரில் சாதுவான பெண்கள் எத்தனையோ பேர் இருக்க, மூக்குக்கு மேல் கோபம் வருகிற என்னிடம் வந்து என்ன வேலை என்று கேட்டேன். இறையழைத்தல் என்று இதைத்தான் சொல்கிறார்களா என்று மதரிடமே போய்க் கேட்டேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், இருக்கலாம் என்றார் ஒரே வார்த்தையில். பிறகு, அண்ணன் மனதாரச் சரி என்று சொல்லாமல் இந்தப் பக்கம் பெட்டியோடு வராதே என்றார்.

அண்ணனிடம் சொன்னேன். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பதைச் சீட்டில் எழுதி மேஜையில் வைத்தார். எனக்குப் பயமாக இருந்தது. அவர் மாட்டேன் என்றுவிட்டால் அவரை உதறிவிட்டுப் போக என்னால் முடியாது. போகாமல் இருக்கவும் முடியாது.

மறுபடியும் மடத்திலிருந்து ஃபோன் வந்தது, வழக்கம்போல ஊசிதான். அன்று அண்ணனும் என் பின்னாலேயே வந்தார், மதரிடம் நாலு வார்த்தை கேட்க. மதர் வெளியே போயிருந்தார். சின்ன சிஸ்டருக்குக் காய்ச்சல். அண்ணனை முக்காலியில் உட்கார வைத்து, டார்ச்சையும் குழாயையும் கையில் கொடுத்துவிட்டேன். குனிந்ததும் அவருக்கு முகம் கோணியது. அந்த வலியிலும் பேச்சை விடவில்லை.

"கடையா, மடமா? இன்னைக்கு எனக்கு ஒரு பதில் தெரிஞ்சாகணும்."

"முதல்ல வெளிச்சத்தை இங்க காட்டுங்கண்ணா."

"பேச்சை மாத்தாதே. என்னைத் தனியா விட்டுட்டுப் போகப் போறியா?"

பம்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தேன். என்ன சொல்வதென்று தெரியாமலே வாயைத் திறந்தேன். மணி அடித்தது.

ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தேன். பம்பை வைத்தேன். எழுந்து சிற்றாலயத்துக்குப் போய்விட்டேன். முதுகுக்குப் பின்னால் அண்ணன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. அந்தக் கால் மணி நேரமும் நான் ஒரு வார்த்தை செபிக்கவில்லை. தண்ணீர் கொட்டியிருக்கும், அண்ணன் வீட்டுக்குப் போயிருப்பார், எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தால், அதே முக்காலியில் அப்படியே குனிந்திருந்தார். இரண்டு கையாலும் குழாயை மடக்கிப் பிடித்திருந்தார். டார்ச்சை வாயில் கவ்வியிருந்தார். தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

டார்ச்சை வாயிலிருந்து எடுத்தேன்.

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போக முடியாதா உனக்கு?" என்றார்.

கடையா, மடமா என்று அவர் மறுபடி கேட்கவில்லை. முதுகு ஒடிகிறது, சீக்கிரம் மாட்டு என்று மட்டும் சொன்னார். பம்பில் சிக்கியிருந்த குண்டூசியை எடுத்துவிட்டு மாட்டினேன். அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அந்த ஊசியை என் கையிலிருந்து வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாளைக்கு உன் முக்காட்டு ஊசி இதுல போய் மாட்டிக்கிச்சுன்னா, எனக்கு ஃபோன் பண்ணாதே. நான் வந்து குனிய மாட்டேன், சொல்லிட்டேன்."