கூடுதலாக ஒரு மா

அச்சகத்தில் அவனுக்குச் சந்திப்பிழை என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்ப்பானா என்பது சந்தேகம். பன்னிரண்டு வருடமாக மெய்ப்புத் திருத்துகிறவன். வல்லினம் மிக வேண்டிய இடத்தில் மிகவில்லை என்றால் அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்காது. கடைப் பலகை, பேருந்து டிக்கெட், மருந்துப் பெட்டி என்று ஒன்றையும் விட்டுவைக்கிற ஆள் இல்லை.

அப்பேர்ப்பட்டவன் ஆண்டுக் கடைசி விடுமுறையில் பத்து நாள் லீவு போட்டுவிட்டு மகளோடு வீட்டில் உட்கார்ந்தான். உட்காராமல் என்ன செய்வது? மனைவி நர்ஸ். விடுமுறை வந்தால் வார்டில் பாதிப் பேர் கிளம்பிப் போய்விடுவார்கள். இருப்பவர்கள் இரண்டு ஆள் வேலையைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். மகளுக்கு எட்டு வயதாக இரண்டு மாதம் பாக்கி. இத்தனை வருடத்தில் அவளோடு ஒரு முழு நாள் சேர்ந்தாற்போல இருந்ததில்லை என்பது லீவின் முதல் காலையில்தான் அவனுக்கு உறைத்தது.

குழந்தைகளோடு விடுமுறையில் செய்யக்கூடிய எளிய கைவேலைகள் பற்றிய புத்தகம் ஒன்றை மூன்று மாதத்துக்கு முன்னால் அவன்தான் திருத்திக் கொடுத்திருந்தான். அதில் எந்தப் பக்கத்தில் காற்புள்ளி விட்டுப்போயிருந்தது என்று கேட்டால் சொல்வான். பசை எப்படி ஒட்டும் என்று கேட்டால் தெரியாது. காகிதக் கோப்பையில் பறவை செய்யப்போய், கோப்பை அவன் கட்டைவிரலோடு ஒட்டிக்கொண்டது. உதிர்ந்த இலைகளைப் பொறுக்கிவந்து கிரீடம் கட்டினார்கள். அது அவன் தலையில் பாதியைக்கூடச் சுற்றவில்லை. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மூன்றாம் நாள் அவளாகவே அவன் தோளில் சாய்ந்துகொண்டு, "நாளைக்கு என்னப்பா செய்யலாம்?" என்று கேட்டபோது அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரே ஒரு தொல்லை. வாழ்த்து அட்டையில் அவள் 'வாணவில்' என்று எழுதினால் அவன் கை சும்மா இருக்காது. ண-வை அடித்துவிட்டு ன போட்டுவிடும்.

"அப்பா, நீ லீவுலதானே இருக்கே?"

"ஆமாம், ஏன்?"

"உன் கையையும் லீவுல இருக்கச் சொல்லு."

ஐந்தாம் நாள், இரண்டு டியூட்டிக்கு நடுவில் அம்மா நான்கு மணி நேரம் வீட்டுக்கு வருவதாக இருந்தாள். மதியம் இரண்டு மணிக்கு வந்தால் ஆறு மணிக்குத் திரும்பவும் வார்டில் நிற்க வேண்டும். மகளுக்கு இரண்டு நாளாக இதே பேச்சுதான்.

"அம்மாகிட்ட ஒண்ணு சொல்லணும்பா. வாயால சொல்ல வெட்கமா இருக்கு. பிஸ்கட்டுல எழுதி வைக்கப் போறேன். அம்மா வந்ததும் படிக்கணும்."

"அப்படி என்ன எழுதப் போற?"

"அதெல்லாம் உனக்கு எதுக்கு? நீ மாவு பிசை."

பிசைந்தான். வெண்ணெய், சர்க்கரை, மாவு. வேறொன்றும் வேண்டாம் என்று புத்தகம் சொல்லியிருந்தது. மாவைக் கயிறு மாதிரி உருட்டி, வளைத்து வளைத்து எழுத்தாக்க வேண்டும். முதல் எழுத்து 'தூ'. அது வளைவதற்குள் மூன்று தடவை அறுந்துபோனது.

"இந்த எழுத்தைக் கண்டுபிடிச்சவர் பிஸ்கட்டே சாப்பிட்டிருக்க மாட்டார் பாப்பா" என்றான். புள்ளிகளுக்கு உலர்திராட்சை. 'க்', 'க', 'ம்' எல்லாம் ஆனதும், மிச்சமிருந்த மாவை வாயில் போடப்போனான். "ஐயோ, வைப்பா!" என்று அவள் பிடுங்கிக்கொண்டாள். அவன் அடுப்பின் சூட்டைப் பார்க்கக் குனிந்தான். நிமிர்ந்தபோது தட்டில் ஒரு 'மா' படுத்திருந்தது. மிச்ச மாவில் விளையாடுகிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

வெந்து ஆறியதும் பிஸ்கட்டுகளை அவளே மேசைமேல் தட்டில் வரிசையாக அடுக்கினாள். இரண்டு தடவை தள்ளி நின்று பார்த்தாள். பிறகு அம்மா வருவதற்குள் குளித்துவிடுகிறேன் என்று ஓடினாள்.

மேசையைத் துடைக்க வந்தவன் தட்டைப் படித்தான். படிக்காமல் அவனால் இருக்க முடியாதே. தூக்கம். அப்புறம் கூடுதலாக ஒரு மா.

அவன் நெஞ்சு இளகிப்போனது. அம்மா தூங்கட்டும் என்று நினைத்திருக்கிறதே இந்தக் குழந்தை! முப்பது மணி நேரம் நின்ற கால்களோடு வரப்போகிறவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? எழுத்துப்பிழையும் இல்லை, கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த மா மட்டும் போய்விட்டால் எவ்வளவு அழகாக இருக்கும். தூங்கச் சொல்வதற்கு எந்தக் குழந்தையாவது வெட்கப்படுமா என்ற கேள்வி அவனுக்கு வரவில்லை. வந்திருக்க வேண்டும். பாழாய்ப்போன கை நீண்டது. அந்த 'மா'வை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். பிஸ்கட் நன்றாகத்தான் இருந்தது.

இரண்டேகாலுக்குக் கதவு திறந்தது. செருப்பைக் கழற்றுவதற்குக்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டாள் மனைவி. மகள் தலை ஈரம் சொட்டச் சொட்ட மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அம்மா, படி!"

"அட, பிஸ்கட்டா? தூ... க்... க... ம். தூக்கம்!" அம்மா சிரித்தாள், சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. "என் தங்கமே! உனக்குத்தாண்டி தெரியுது எனக்கு என்ன வேணும்னு."

குனிந்து, ஈரத் தலையில் முத்தம் கொடுத்துவிட்டு அறைக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது. மகள் இரண்டு கைகளையும் பாதி தூக்கிய நிலையில் அப்படியே நின்றாள். அவள் குளிருக்கு அப்படி நிற்பதாக நினைத்து அவன் துண்டை எடுத்து வந்தான்.

அவள் தட்டைத் திரும்பிப் பார்த்தாள். தட்டைத் தூக்கி அடியில் பார்த்தாள். மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தாள்.

"அப்பா, மா எங்கே?"

"அதுவா? நான் சாப்பிட்டுட்டேன் செல்லம். அது கூடுதலா இருந்துச்சு."

"கூடுதலா இல்லப்பா."

"தூக்கம்னு எழுதத்தானே..."

"தூக்கம் இல்ல. தூக்கு, அம்மா. சேர்த்துச் சொன்னா தூக்கம்மா." அவள் தட்டை நேராக்கி வைத்தாள். "சின்ன வயசுல குழந்தைகள் காப்பகத்துல அம்மா கூட்டிப்போக வந்ததும் அப்படித்தான் கத்துவேன். அம்மா ஓடி வந்து தூக்குவாங்க. பெரிய வகுப்புக்குப் போனதுலேருந்து தூக்கறதே இல்ல. ஒரே ஒரு தடவை கேக்கலாம்னு..."

தூக்குக்குப் பின்னால் அம்மா வந்து நின்றால், அந்த உகரம் ஓடிப்போய்த் தூக்கம்மா ஆகும். இது அவனுக்குத் தெரியாததா? ஊரார் பத்திரிகையில் எல்லாம் இதைத் திருத்திச் சம்பளம் வாங்கியவன்தானே. தெரியாமல் போனது இலக்கணம் இல்லை. மூன்று வருடம் அந்தக் காப்பகத்துக்கு இவள் போய்வந்தாள். ஒரு சாயங்காலம்கூட அவன் கூப்பிடப் போனதில்லை. போயிருந்தால் அந்தச் சத்தம் காதில் விழுந்திருக்கும். அச்சகத்தில் அன்றைக்கு என்ன தலைபோகிற வேலை என்று இப்போது யோசித்துப் பார்த்தான். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"இரு, அம்மாவை எழுப்பறேன்" என்று அறைப் பக்கம் திரும்பினான்.

மகள் ஓடிப்போய் அறை வாசலில் குறுக்கே நின்றுகொண்டாள். "எழுப்பாதேப்பா. பாவம், அம்மா."

"அப்ப நான் தூக்கட்டுமா?"

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். கோபமாகக்கூட ஆட்டவில்லை. அவன் சமையலறைக்குப் போய் மாவு படிந்த பாத்திரத்தைத் தேய்த்தான். தேய்த்ததையே திரும்பத் தேய்த்தான்.

ஐந்தேகாலுக்கு மனைவி எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கையிலிருந்த தேநீரை அப்படியே வைத்துவிட்டாள்.

"ஏங்க, ஒரு வார்த்தை அவளைக் கேட்டிருக்கக் கூடாதா?"

"கூடாதான்னா... கேட்டிருக்கணும். தப்புதான்."

"எத்தனை மாசமா மனசுல வெச்சிருந்தாளோ. நான் வேற கதவைச் சாத்திட்டுப் போயிட்டேனே!"

மகள் கூடத்தில் இலைக் கிரீடத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அம்மா அவள் முன்னால் போய் நின்று இரண்டு கைகளையும் விரித்தாள். "வாடி கண்ணு! சொல்லு பார்ப்போம், தூக்கம்மா!"

மகள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். பிறகு வாசலில் நிற்கும் அப்பாவைப் பார்த்தாள். "வேணாம்மா. உனக்கு முதுகு வலிக்கும். திரும்பவும் வார்டுல நிக்கணும்ல."

"அதெல்லாம் வலிக்காது, வா."

கேட்டால்தானே? அம்மா குனிந்து, வாரித் தூக்கிவிட்டாள். மகள் மறுக்கவில்லை. விருந்துக்குப் போன வீட்டில் யாரோ மடியில் உட்காரவைத்துக்கொண்டால் குழந்தைகள் இருப்பார்களே, அப்படி இருந்தாள். கால்கள் அம்மாவின் முழங்காலுக்குக் கீழே தொங்கின. அம்மாவின் கழுத்தைச் சுற்றி வர வேண்டிய கைகள் பக்கவாட்டிலேயே இருந்தன. அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் விடவில்லை, கன்னத்தோடு கன்னத்தை வைத்து அழுத்திக்கொண்டாள்.

அவன் வாசலிலேயே நின்றான். கட்டிக்கோ பாப்பா, கட்டிக்கோ என்று அவன் வாய் முணுமுணுத்தது.

மகள் அம்மாவின் தோளைத் தட்டிக்கொடுத்தாள், பெரியவர்கள் தட்டுகிற மாதிரி.

"போதும், இறக்கம்மா" என்றாள்.

அம்மா இறக்கிவிட்டாள்.