மின்னலில் தெரிந்த முகம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுதும் எண்ணமே எனக்கு இல்லை. ஒரு பெண் வீடு தேடி வந்து எழுதச் சொன்னாள். அவள் சொன்னதை நான் முழுதாக நம்பவில்லை. அவளும் என்னை நம்பி வரவில்லை.

தொடக்கத்தை எழுதிப் பார்த்தேன்.

‘தொப்பூர்க் கணவாயில் அன்று இடியும் மழையுமாக’ (வேண்டாம். இதே மழையை முன்பொரு கதையில் பெய்யவிட்டதால்தான் இத்தனை வம்பும்.)

‘நிர்மலாதேவி பொய் சொல்லக்கூடியவள் அல்ல’ (அது எனக்கு எப்படித் தெரியும்?)

2

தொப்பூர் இறக்கத்தில் லாரி கவிழ்ந்து ஓட்டுநர் இறந்ததாக நாளிதழில் சின்னதாக ஒரு செய்தி வந்தது. வண்டியில் அவர் மட்டுமே இருந்தாராம். எனக்கு அது போதவில்லை. கதை எழுதும்போது பக்கத்து இருக்கையில் ஒரு மனைவியை உட்காரவைத்தேன். இருவருக்கும் சண்டை மூட்டினேன். கொட்டும் மழையில் அவளைப் பாதி வழியில் இறங்கவைத்தேன். அவர் கோபத்தில் வண்டியை விரட்டுகிறார்; அவள் சாலையோரம் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே வளைவில் விளக்கு வெளிச்சம் கவிழ்கிறது. அத்தனையும் கற்பனை, சத்தியமாக. (கதைக்குள் சத்தியம் செய்கிறவர்களை நான் நம்புவதில்லை. நீங்களும் நம்பவேண்டாம்.)

அந்தக் காட்சியை மெஹ்ஜபீன் ஓவியமாக்கினாள். தருமபுரியில் பள்ளி ஓவிய ஆசிரியை. மனிதரைவிட வானத்துக்கு அதிக இடம் கொடுத்து, மனசின் கொந்தளிப்பைப் புயலையும் பாறையையும் கொண்டு பேசவைக்கும் பழைய ரொமாண்டிக் பாணியில் அவளுக்குப் பித்து. மலை கறுத்துச் சரிகிறது. பள்ளத்தில் ஒற்றை விளக்கு. மின்னல் வெட்டில் ஒரு பெண் திரும்பிப் பார்க்கிறாள். என் கதையில் அவளுக்கு முகமே கிடையாது. மெஹ்ஜபீன் கொடுத்திருந்தாள்.

பக்கத்தில் என் கதையையும் ஒட்டி, படம் ஒரு கல்லூரிக் கண்காட்சியில் மாட்டப்பட்டது. அதன் முன்னால் பிரியதர்ஷினி என்ற மாணவி அசையாமல் நின்றுவிட்டாள். அது அவளுடைய அம்மாவின் முகம். செய்தியில் இறந்துபோன ஓட்டுநர் அவளுடைய அப்பா.

3

மெஹ்ஜபீனைப் பிடித்துக் கேட்டேன். “இந்த முகம் எங்கேர்ந்து வந்துச்சு?”

“கடத்தூர் சந்தையில பாத்தேங்க்கா. தக்காளிக் கூடைங்களுக்கு நடுவுல உக்காந்திருந்தாங்க. யாரு கூப்பிட்டாலும் திடுக்குனு திரும்பிப் பாத்தாங்க. அந்தத் திரும்பல் எனக்கு வேணும்னு தோணுச்சு. யாருன்னே தெரியாது.”

“இத்தனை பேர் இருக்கற சந்தையில அவங்கதான் கிடைச்சாங்களா?”

அவள் தூரிகையைத் துடைத்தபடியே என்னைப் பார்த்தாள். “ஏங்க்கா, சண்டை போட்டு இறங்கிட்டாங்கன்னு எழுதுனது நானா, நீங்களா? உங்களுக்கு யாரு சொன்னா?”

யாரும் சொல்லவில்லை என்றேன். தலையாட்டினாள். நான் அவளை நம்பிய அளவுக்குத்தான் அவளும் என்னை நம்பினாள்.

4

பிரியதர்ஷினியின் அம்மா நிர்மலாதேவி ஒரு நாள் பகலில் வந்தாள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

“எம் பொண்ணு எங்கூடப் பேசறதில்லீங்க. ‘நீ வண்டியில இருந்தியா, நீ சண்டை போட்டதாலதான் அப்பா போனாரா’ன்னு ஒரே கேள்வி. இப்ப பெரியப்பா வூட்டுக்குப் போய் உக்காந்துக்கிட்டா.”

“படத்தை எடுத்துடச் சொல்றேன்.”

“எடுத்தா, ஏன் எடுத்தாங்கன்னு கேப்பாங்க. நீங்க இன்னொரு கதை எழுதுங்க. அந்தப் பொம்பள வண்டியிலயே வரல, வூட்லதான் இருந்தான்னு எழுதுங்க. அதையும் நம்புவாங்க.”

கேட்கக் கூடாததைக் கேட்டேன். “நீங்க வண்டியில இருந்தீங்களா?”

அவள் முகம் மாறவில்லை. (மாறியது என்றுதான் முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். மாறாததுதான் என்னை உறுத்தியது.)

“இருந்தேன்னு சொன்னா எழுத மாட்டீங்களா?” என்றாள்.

எழுந்துபோய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள். வாசலில் நின்று, “அவரு கோவக்காரரு இல்லீங்க. அதை மட்டுமாவது மாத்தி எழுதுங்க,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இல்லாத ஒருத்தருக்கு, இல்லாத ஒரு கோபத்தை நான் கொடுத்துவிட்டேனோ? அல்லது, கோபக்காரர் இல்லை என்று அவ்வளவு உறுதியாக

(இந்த வாக்கியத்தை முடிக்க மனம் வரவில்லை.)

5

முடிவுக்கு வருவோம். ஒன்று: அவள் அன்று கடத்தூரில் வீட்டில் இருந்தாள், மகள் திரும்பி வருகிறாள். அவள் கேட்ட கதை இதுதான். படிக்க இதமாக இருக்கிறது. அதனாலேயே எனக்குச் சந்தேகம். இன்னொன்று: அவள் வண்டியில் இருந்தாள், வழக்கமாக எல்லா வீட்டிலும் நடக்கிற ஒரு சண்டை, அவள் இறங்கினாள், அதை இத்தனை நாளாக யாரிடமும் சொல்ல முடியாமல் சுமந்துகொண்டிருக்கிறாள். கதையாக இதுதான் நல்ல கதை. நல்ல கதை என்பதற்காக ஒருத்தியின் தலையில் இதைக் கட்டலாமா?

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முன்பே வாசலில் அழைப்புமணி அடித்தது. பிரியதர்ஷினி. பெரியப்பா வெங்கடாசலம் வண்டியை அணைக்காமல் தெருவிலேயே காத்திருக்கிறார்.

“அக்கா, அம்மா உங்க வூட்டுக்கு வந்தாங்களாமே. அன்னிக்கு அவங்க வண்டியில இருந்தாங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க. போயிடறேன்.”

‘இல்லை’ என்றால் அம்மாவிடம் போவாள். ‘ஆமாம்’ என்றால் போகமாட்டாள். எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. ஆனால் அது அவள் காதில் ‘ஆமாம்’ என்றுதான் விழும்.

உட்காரச் சொல்லியிருக்கிறேன். நான் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவருகிறேன். இவ்வளவு தூரம் படித்தவர் நீங்கள். அதற்குள் அவளிடம் ஏதாவது சொல்லிவையுங்கள்.